காருக்கு அடியில் 'டக் டக்': டெல்டா ரோட்டில் சஸ்பென்ஷன் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

ஷாக் அப்சார்பர் எத்தனை கிலோமீட்டர் வரும் என்று கேட்டு வருபவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது, "எந்த ரோட்டில் ஓட்டுறீங்க?" என்பதுதான். திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையிலேயே ஓடும் காருக்கு 1 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் கம்பெனியில் போட்ட ஷாக் நன்றாக இருக்கும். அதே கார் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை என்று உள்ரோட்டில் சுற்றினால் 50,000–60,000-லேயே சோர்ந்துவிடும். இங்கே வண்டியை அதிகம் அடிப்பது மதகுதான், அதாவது வாய்க்காலைக் கடக்க ரோட்டில் கட்டிய சிறு பாலம். வாய்க்காலுக்கு வாய்க்கால் ஒரு மதகு இருக்கிறது. மதகின் கான்கிரீட் அசையாமல் நிற்கும், இரண்டு பக்கமும் களிமண்ணின் மேல் போட்ட ரோடு உள்வாங்கிவிடும். ஏறும்போது ஒரு இடி, இறங்கும்போது ஒரு இடி. போதாததற்கு, நடவு சமயத்தில் சேற்றில் ஓட்ட மாட்டிய இரும்புக் கூண்டுச் சக்கரத்தை (கேஜ் வீல்) கழற்றாமலே ரோட்டில் ஓட்டிப் போகும் டிராக்டர்கள் தாரைக் கொத்திப் போட்டுவிடும்.

அதனால் கிலோமீட்டரை மட்டும் எண்ணிப் பாகம் மாற்றாதீர்கள். வண்டி என்ன சொல்கிறது என்று பார்த்து, செலவில்லாத காரணத்திலிருந்து ஆரம்பித்து மேலே போங்கள். சத்தம் வந்ததும் "ஷாக் போயிடுச்சு" என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு ஷாக் நன்றாகத்தான் இருக்கிறது.

பார்ப்பதற்கு ஒரு டார்ச், வீல் ஸ்பேனர், ஜாக்கி, ஒரு சிறிய கடப்பாரை, கூட ஒரு ஆள் போதும். ஜாக்கியை வெறும் மண்ணில் வைக்காதீர்கள். நம் பக்கத்து மண் மேலே காய்ந்து தெரியும், பாரம் ஏறினால் உள்ளே இறங்கும். தடிமனான பலகையைப் போட்டு அதன் மேல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்.

## சிறு மேடு பள்ளத்தில், மெதுவாகப் போகும்போது 'டக் டக்'

டெல்டாவில் அதிகம் வருகிற புகார் இதுதான். 20–30 வேகத்தில் உடைந்த ரோட்டில் போனால் சத்தம் வரும், வேகமாகப் போனால் கேட்காது.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி அதன் இடத்தில் இறுக்கமாக இருக்கிறதா, ஸ்டெப்னியின் திருகு சுழன்று லூஸாகிவிட்டதா, பின்சீட்டின் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தேங்காய் உருண்டுகொண்டிருந்ததற்காக இரண்டு பட்டறை ஏறி இறங்கியவரும் உண்டு. டிக்கியைக் காலி செய்தும் சத்தம் இருந்தால் அடுத்ததற்கு வாருங்கள்.

லிங்க் ராட். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் முன்பக்க ஸ்டெபிலைசர் பாரையும், ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டையும் இணைக்கும் குச்சி. இரண்டு முனையிலும் சிறிய பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) இருக்கும். நம் ரோட்டில் 25,000–40,000-க்குள் இது லூஸாவது சகஜம், இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. சிறிய காருக்கு இது சில நூறு ரூபாய்ப் பொருள்தான்.

இதைச் சோதிப்பதில் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு லிங்க் ராடை ஆட்டிப் பார்த்து, "நல்லா டைட்டா இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கும்போது பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இழுத்துப் பிடித்திருக்கும், அதனால் ஆட்டம் தெரியாது. இரண்டு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஒரே உயரத்தில் தூக்கியிருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, சக்கரத்தின் பின்னால் கையை விட்டு லிங்க் ராடின் முனையைப் பிடியுங்கள். கூட இருக்கும் ஆளை வண்டியை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். லூஸாக இருந்தால் விரலில் 'டிக்' என்று தட்டும். காதைவிட விரல் சரியாகச் சொல்லும்.

சந்தேகம் தீரவில்லையா? மெக்கானிக்குகள் செய்யும் வழி ஒன்று உண்டு. இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு, பார் எதிலும் இடிக்காமல் கட்டி வைத்து, பட்டறையைச் சுற்றி மெதுவாக ஒரு சுற்று. சத்தம் நின்றுவிட்டால் கோளாறு லிங்க் ராடிலோ பார் புஷ்ஷிலோதான். அந்த நிலையில் மெயின் ரோட்டுக்குப் போகக்கூடாது, வளைவில் வண்டி சாயும்.

ஸ்டெபிலைசர் பார் புஷ். பாரை சேசிஸோடு பிடித்திருக்கும் ரப்பர். விலை லிங்க் ராடைவிடக் குறைவு. சில மாடல்களில் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால் கூலிதான் அதிகம்.

ஸ்ட்ரட் மவுண்ட். பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் தலை வந்து முடியும் இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வெளியே ஒருவரை வண்டியை அழுத்தி ஆட்டச் சொல்லுங்கள். கையில் இடி தெரிந்தால் மவுண்ட் ரப்பர் போயிருக்கிறது.

லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட். சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிடித்திருக்கும் கைதான் லோயர் ஆர்ம், அதன் முனையில் இருக்கும் மூட்டு இது. இது விளையாட்டு இல்லை. சக்கரத்தைத் தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரையை விட்டு மெல்ல நெம்புங்கள். ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால் அப்படியே பட்டறைக்குப் போய்விடுங்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிவிடும். சில கார்களில் ஜாயின்ட்டை மட்டும் மாற்றலாம், சிலவற்றில் ஆர்மையே மாற்ற வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஷாக்.

## கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் ஒரே ஒரு 'டங்'

சத்தம் ரோட்டைப் பொறுத்து வரவில்லை, ஆக்ஸிலரேட்டர், பிரேக்கைப் பொறுத்து வருகிறது என்றால் லோயர் ஆர்மின் பின்பக்கத்துப் பெரிய புஷ்ஷைப் பாருங்கள். டார்ச் அடித்தால் ரப்பரில் வெடிப்பு கண்ணுக்கே தெரியும். மேலே இருக்கும் கீறல்களைப் பொருட்படுத்த வேண்டாம். ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருந்தால்தான் மாற்ற வேண்டும். ரிவர்ஸில் போட்டு பிரேக், முன்னால் போட்டு பிரேக் என்று மாற்றி மாற்றிச் செய்தால் சத்தம் தெளிவாகக் கேட்கும். என்ஜின் மவுண்ட் போயிருந்தாலும் இதே சத்தம் வரும். பானெட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்கும்போது கிளட்சை லேசாக விட்டுப் பிடியுங்கள். என்ஜின் அளவுக்கு மீறிக் குதித்தால் மவுண்ட்தான். முன்னால் யாரும் நிற்கக்கூடாது.

புஷ் சீக்கிரம் போவதற்கு நம் ஊரில் ஒரு பழக்கமும் காரணம். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடித்துத் தருவார்கள், துருப் பிடிக்காதாம். ரப்பர் புஷ் அந்த எண்ணெயைக் குடித்து ஊதி, இளகிவிடும். 80,000 வர வேண்டிய புஷ் அதில் பாதியிலேயே போய்விடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 'கிரீச் கிரீச்' என்று கத்தும் புஷ்ஷுக்கும் கிரீஸ் வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சத்தம் கொஞ்ச நேரம் நின்று மறுபடி வந்தால் எந்த புஷ் என்று தெரிந்துவிட்டது. அவசரத்துக்கு சிலிக்கான் ஸ்பிரே அடிக்கலாம்.

## மதகில் இறங்கியபின் வண்டி தொட்டில் மாதிரி ஆடுகிறது

இது உண்மையிலேயே ஷாக்கின் வேலை. ஒவ்வொரு மூலையாக உடம்பின் எடையைப் போட்டு அழுத்தி, சட்டென்று விடுங்கள். ஒருமுறை மேலே வந்து நின்றுவிட்டால் நல்லது. இரண்டு, மூன்று முறை ஆடினால் ஷாக்கில் வலு இல்லை. ஆனால் இந்தச் சோதனையில் தேறிய ஷாக் எல்லாம் நல்ல ஷாக் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதி வலு குறைந்த ஷாக்கும் கையால் அழுத்தும்போது தேறிவிடும், 70 வேகத்தில் மதகில் இறங்கும்போதுதான் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து எண்ணெய்க் கசிவு. ஷாக்கின் மேல்பகுதியில் லேசான ஈரம், அதில் ஒட்டிய தூசி, இவ்வளவுதான் என்றால் விட்டுவிடலாம். பாடி முழுக்க நனைந்து, கீழே சொட்டும் அளவுக்கு இருந்தால் அது முடிந்துவிட்டது. துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால் எந்த வகை என்று தெரியும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் ஓடும் வண்டிகளில் ஷாக்கின் பளபளப்பான தண்டை முக்கியமாகப் பாருங்கள். தண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருந்தால் உப்புக்காற்று தண்டில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அந்தச் சொரசொரப்பு உள்ளே போய்வரும்போது ஆயில் சீலை அறுத்துவிடும். பூட் விலை சொற்பம், கிழிந்ததும் மாற்றிவிட்டால் ஷாக் பிழைக்கும்.

பின்பக்கம் மட்டும் ஆடினால், அல்லது டயர் மேலே பாடி வளைவில் இடித்தால், ஷாக்கைக் குறை சொல்லும் முன் சுமையைக் கணக்குப் போடுங்கள். யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி 50 கிலோ. டிக்கியில் இரண்டு இரண்டாக ஏற்றினால் 190 கிலோ, மூன்று ஆள் கனம். அதோடு சீட்டிலும் நான்கு பேர் உட்கார்ந்தால் சிறிய கார் என்ன செய்யும்? நவக்கிரகக் கோயில் சுற்றும் டாக்ஸிகளில் பின் ஷாக் முதலில் போவதற்கும் இதே காரணம்தான். எப்போதும் ஆள் நிறைந்து, மேலே கேரியரில் பெட்டிகளோடு, திருநள்ளாறு முதல் திங்களூர் வரை ஓடுகிற வண்டிகள் அவை.

ஷாக் மாற்றுவதானால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (அடி தாங்கும் ரப்பர்), பூட் எல்லாவற்றையும் அதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான்.

முன்பக்க ஸ்ட்ரட்டை வீட்டில் பிரிக்கவே கூடாது. அழுத்தி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும். கம்பி கட்டி, கயிறு கட்டிச் செய்கிற பட்டறையாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்பிரிங் அழுத்தும் கருவி இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

## ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது

ஆற்றங்கரை ரோட்டில் சோதிக்காதீர்கள், அந்த ரோடே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தஞ்சாவூர்–நாகை நெடுஞ்சாலை மாதிரி சமமான இடத்தில் பாருங்கள்.

காற்று முதலில். காலையில், டயர் சூடாகும் முன் பிடியுங்கள். அப்புறம் முன்பக்க டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள் (ஒரே திசையில் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர் என்றால் வேண்டாம்). இழுக்கும் பக்கம் மாறிவிட்டால் கோளாறு டயரில். மாறவில்லை என்றால் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு ரிம் பக்கத்திலும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மழைக்காலம் முடிந்ததும் இது நிறைய வரும். பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பின்னில் துருவேறி நகராமல் போய்விடும்.

இவையெல்லாம் சரி என்றால்தான் அலைன்மென்ட். புஷ், டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை) ஆடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் பார்ப்பது காசைத் தண்ணீரில் போடுவது. மெஷினில் பச்சை காட்டும், அடுத்த மதகில் மாறிவிடும். அலைன்மென்ட் கடையில் ஆட்டம் பார்க்காமல் நேராக மெஷினில் ஏற்றினால் வேறு கடை பாருங்கள்.

## 60-க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறது

ஐப்பசி, கார்த்திகை மாதம் என்றால் தண்ணீர் பீய்ச்சி ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். வயல் வரப்போரம் நிறுத்தி எடுத்த வண்டியில் களிமண் உள்ளே அப்பி, காய்ந்து கல்லாகியிருக்கும். வெளியே பளபளவென்று தெரியும். வீல் பேலன்ஸிங்குக்குப் போய்க் காசு கொடுக்கும் முன் குச்சியால் சுரண்டிப் பாருங்கள். பாதி வண்டிக்கு இதிலேயே சரியாகிவிடும்.

கழுவியும் நடுங்கினால் பேலன்ஸிங். அதிலும் போகவில்லை என்றால் ரிம் நெளிந்திருக்கலாம். பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். வேகத்தடையில் ஏறியதும் ஸ்டீயரிங் உதறினால் டை ராட் எண்ட் அல்லது அதே தண்டின் உள்முனையான ரேக் எண்ட்.

சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் இரண்டு கையால் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராட் பக்கம். 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் பால் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். எந்தப் பக்கம் பிடித்தாலும் ஆடினால் வீல் பேரிங்.

## 'உய்ங்ங்' என்ற ரீங்காரம், வேகம் கூடினால் கூடுகிறது

தேய்ந்த டயரும் வீல் பேரிங்கும் ஒரே மாதிரி ஒலிக்கும். காலியான ரோட்டில் மெதுவாக இடப்பக்கம் ஒடித்துப் பாருங்கள். பாரம் வலப்பக்கம் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங். மாற்றி ஒடித்தால் இடது. எதிலும் மாறவில்லை என்றால் டயரைத் தடவிப் பாருங்கள். வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓட்டிய வண்டியில் சில மாதம் கழித்துத்தான் பேரிங் கத்த ஆரம்பிக்கும். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பது அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

## திருப்பும்போது சத்தம்

நின்ற இடத்தில் திருப்பும்போது 'கடக்' என்று ஸ்பிரிங் குதித்தால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். முழுக்கத் திருப்பி நகரும்போது 'கட் கட் கட்' என்றால் என்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸிலின் வெளிப்பக்க மூட்டு (சிவி ஜாயின்ட்), சஸ்பென்ஷனோடு சேராது. ரிம்மின் உள்ளே கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் வருமுன், அந்த மூட்டின் கிரீஸை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்ததைக் கண்டுபிடித்தால் பூட்டும் கிரீஸும் மாற்றித் தப்பிக்கலாம். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள சில கார்களில், மோட்டாருக்குள் இருக்கும் சிறிய ரப்பர் கப்ளிங் பொடிந்தால், இடது வலது லேசாக அசைக்கும்போது டேஷ்போர்டுக்குள்ளிருந்து 'டொக் டொக்' கேட்கும். இதற்கு ரேக்கையே மாற்றச் சொல்வார்கள். கப்ளிங் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

பங்குனி, சித்திரையில் இன்னொரு வகை 'சரசர' சத்தம் வரும். உளுந்து, பயறு செடியை ரோட்டில் பரப்பியிருப்பார்கள், மேலே வண்டி ஓடினால் காய் உடையும் என்று. அந்தக் கொடி ஆக்ஸிலில் சுற்றிக்கொண்டு பூட்டைக் கிழிக்கும், சைலன்சரில் பட்டால் புகையும். வாசனை வந்ததும் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஆறவிட்டுக் கத்தியால் அறுத்தெடுங்கள். இழுத்துப் பிடுங்காதீர்கள், பூட்டும் சேர்ந்து வரும்.

## டயர் ஒழுங்கில்லாமல் தேய்கிறது

நடுவில் மட்டும் என்றால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் என்றால் குறைவு. உள் ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட், அதற்கு முன் ஆர்ம் புஷ். அங்கங்கே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்து, உள்ளங்கையால் தடவும்போது அலை மாதிரி தட்டுப்பட்டால் வலு இழந்த ஷாக்கோ பேலன்ஸிங்கோ. புது டயர் போடும் முன் இதைச் சரி செய்யாவிட்டால் புது டயரும் அப்படியே தேயும்.

## வண்டி ஒரு மூலை தாழ்ந்து நிற்கிறது

ஷாக் போனால் வண்டி தாழாது, தாழ்ந்தால் ஸ்பிரிங். சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே பாடி வளைவு வரை டேப் வைத்து அளந்து, இடதும் வலதும் ஒப்பிடுங்கள். காயில் ஸ்பிரிங் சாதாரணமாக 1.5 லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் வரும். கடலோர வண்டியில் மட்டும் கடைசிச் சுற்று துருவேறி உடைந்துவிடும். உப்பும் சேறும் தங்குவது அங்கேதான். உடைந்த முனை டயரைக் கிழிக்கும் தூரத்தில் இருந்தால் ஓட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கடலோரத்தில் கழுவும்போது எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். போர் தண்ணீரே உப்பாக இருக்கும் ஊரில் அதையே பீய்ச்சினால் கழுவியும் பயனில்லை.

பொலேரோ, டாடா ஏஸ் மாதிரிப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உள்ள வண்டியில் நடு போல்ட், யூ போல்ட், ஷேக்கிள் புஷ் மூன்றையும் பாருங்கள். ஒரு பட்டை உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். எல்லாம் தட்டையாகிவிட்டால் பட்டைக் கடையில் வளைத்துக் கொடுப்பார்கள். என் அனுபவத்தில் வளைத்த பட்டை நீண்ட நாள் நிற்பதில்லை.

## புதிது மாற்றியும் சத்தம் போகவில்லை

இது அடிக்கடி நடக்கும். பட்டறையில் கேட்க வேண்டியது: லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை எப்போது இறுக்கினீர்கள்? வண்டி லிப்ட்டில் தொங்கும்போது இறுக்கினால், தரையில் இறங்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். புது புஷ் சில மாதத்தில் கிழிந்துவிடும். மாட்டும்போது லேசாகப் பிடித்துவிட்டு, சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும்.

அடுத்தது மேலே மவுண்ட்டின் நடு நட். லேசாக லூஸாக இருந்தாலும் ஷாக் போன சத்தமே வரும். பழைய மவுண்ட்டைத் துடைத்துப் போட்டிருந்தாலும் அப்படித்தான். பழைய பாகங்களைக் கையில் கேட்டு வாங்குங்கள். புதிதென்று பில் போட்ட எல்லாம் உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். ஸ்ட்ரட், ஆர்ம், டை ராட் எதைத் தொட்டாலும் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை கொண்டுபோய் எல்லா போல்ட்டையும் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், நல்ல பட்டறையில் இதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.